மெயில் சரிசெய்கிறேன் என்று வந்தவர்கள்: 18,500 ரூபாயும் போச்சு, ஆறு வருட மெயிலும் போச்சு

நேற்று ராத்திரிதான் உறுதியானது. எங்கள் திருப்பூர் ஆபீஸின் ஆறு வருட மெயில் போயே போய்விட்டது. 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன வாரம் புது சர்வருக்கு மாறினோம். அன்றைக்கே அவுட்லுக்கில் தொல்லை ஆரம்பித்தது. மெயில் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. 550 என்று எர்ரர் வருகிறது. எங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்கு ஷிப்மெண்ட் பேப்பர் அனுப்ப வேண்டிய நேரம். ஆன்லைனில் தேடி ஒரு மெயில் சப்போர்ட் கம்பெனியைப் பிடித்தோம். பேசியவர் எடுத்த எடுப்பில், "போர்ட் 587-ஆ சார்? எஸ்பிஎஃப் ரெக்கார்டு மாத்தியாச்சா?" என்றார். சரி, விஷயம் தெரிந்த ஆள் என்று நம்பினோம். முழுப் பணமும் முன்னாடியே வேண்டும் என்றார். 18,500. ஜிபேயில் போட்டோம்.

தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க வைக்கும் எனிடெஸ்க்கில் உள்ளே வந்தார். எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். டாக்குமெண்ட்ஸில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரைத் திறந்து அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் மேல் மவுஸை வைத்தார்.

"தம்பி, பழைய மெயிலெல்லாம் அதுலதானே இருக்கு?"

"அது வெறும் கேஷ் மேடம், காப்பி மாதிரி. எல்லாம் சர்வர்ல பத்திரமா இருக்கு. புது அக்கவுண்ட் போட்டா தானா இறங்கிடும்."

ஷிஃப்ட் டெலீட். ரீசைக்கிள் பின்னில்கூட இல்லை.

கேஷ் என்பது, மெயிலை சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப், எக்ஸ்சேஞ்ச் அக்கவுண்டுகளின் ஓஎஸ்டி ஃபைலுக்குப் பொருந்தும். எங்களுடையது மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் அக்கவுண்ட். 14 நாளில் சர்வரிலிருந்து மெயில் அழிந்துவிடும்படி அவுட்லுக்கில் செட்டிங். அதற்கு முந்தியதெல்லாம் அந்த ஒரே பிஎஸ்டியில்தான். 18,500 வாங்குகிற ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? பர்ச்சேஸ் ஆர்டர், லேப் டெஸ்ட் ரிப்போர்ட், டெபிட் நோட் தகராறு எல்லாம் அதற்குள்தான் இருந்தது.

அப்புறம் போன் செய்தால், "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியாச்சு சார்." அடுத்து, "சீனியர் மீட்டிங்ல இருக்காரு." அதற்கப்புறம், "பேக்கப் கஸ்டமர் பொறுப்பு, டெர்ம்ஸ்ல போட்டிருக்கு." கடைசியில், "ரெக்கவரிக்குத் தனியா 12,000 ஆகும்." வெந்த புண்ணில் வேல்! 18,500-க்கு இன்னும் ஜிஎஸ்டி பில்கூடத் தரவில்லை. சிஸ்டத்தில் இருப்பது எஸ்எஸ்டி டிஸ்க், அழித்த ஃபைலின் இடத்தைத் துடைத்துவிடும் ட்ரிம் ஓடியிருக்கும், இனி எடுக்க முடியாது என்று நேற்று ரெக்கவரி கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மெயில் போகாத பிரச்சினை அப்படியே இருந்தது. பக்கத்து யூனிட் பையன் வந்து, மோர் செட்டிங்ஸில் அவுட்கோயிங் சர்வர் பக்கம் போய் ஆதன்டிகேஷனுக்கு, அதாவது அனுப்பும்போதும் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுப்பதற்கு, ஒரு டிக் போட்டான். மெயில் போய்விட்டது. ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினான்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. யாரையும் உள்ளே விடும் முன் அவுட்லுக்கை மூடிவிட்டு பிஎஸ்டியை முதலில் வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். சர்வர் மாறினால் பழைய ஹோஸ்டிங்கை உடனே நிறுத்தாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கேட்டால் போனை வையுங்கள். ரிமோட்டில் வந்தவர் டெலீட் பக்கம் போனால் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், மரியாதையெல்லாம் பார்க்க வேண்டாம்.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் இன்று காலை புகார் கொடுத்திருக்கிறேன்.