ஆய்வுக்கு எதை எடுப்பது: மொட்டு விடும் ஈஸ்டா, நடுவில் பிளக்கும் ஈஸ்டா?

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும். செல்லில் உட்கரு உள்ள உயிரிகளில் முதன்முதலாக, 1996-இல், முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டது இதற்குத்தான். சுமார் 6,000 மரபணுக்கள், 16 குரோமோசோம்கள். ஒரு மரபணுவை நீக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப வசதி.

நடுவில் பிளக்கும் ஈஸ்டான ஸ்கைசோசாக்கரோமைசிஸ் பாம்பே வேறு ரகம். நுண்ணோக்கியில் பார்க்க அவ்வளவு அழகு: குச்சி போன்ற செல் முனைகளில் நீண்டுகொண்டே போகும், நடுவில் தடுப்புச்சுவர் எழும்பும், சரிபாதியாகப் பிளக்கும். நீளத்தை வைத்தே பிளவு எவ்வளவு நெருங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். குரோமோசோம்கள் மூன்றுதான். மரபணுக்களை அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீடு இதில் உண்டு. ரொட்டி ஈஸ்ட் அதை இழந்துவிட்டது.

செல் வளர்ந்து பிளவுறும் சுழற்சி (செல் சுழற்சி) பற்றிய ஆய்வுக்கான 2001 நோபல் பரிசில் இரண்டுக்கும் பங்குண்டு. ஹார்ட்வெல் முதலாவதை ஆராய்ந்தார், பால் நர்ஸ் இரண்டாவதை. செல் பிளவைக் கண்ணால் பார்த்துப் படிக்க நான் பாம்பேயைத்தான் எடுப்பேன். நொதித்தல், உணவு என்றால் யோசிக்காமல் மற்றதை.