கடல் மேகத்துக்குள் ஒன்பது வருஷம்: சூடான கம்பியும் லேசர் புரோபும்

இந்துமாக்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குக் கிழக்கே, வியாபாரக் காற்றில் (கிழக்குப் பக்கமிருந்து விடாமல் வீசும் கடல் காற்று) திரண்டு வரும் மேகங்களுக்குள் விமானத்தில் போய், உள்ளே எவ்வளவு தண்ணீர், எத்தனை துளி, ஒவ்வொரு துளியும் என்ன பருமன் என்று அளப்பது என் வேலை. விமானத்துக்கு வெளியே தொங்கும் இரண்டு கருவிகளை ஒன்பது வருஷமாகப் பராமரித்து வருகிறேன். ஒன்று சூடான கம்பி. மற்றது லேசரால் துளி எண்ணும் புரோப். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எது நல்லது என்று கேட்கிறார்கள். பதில் கொஞ்சம் நீளம்.

காரைக்காலிலிருந்து வந்து இந்தத் தீவின் சேந்தாந்த்ரே ஊரில் எங்களோடு இருக்கும் என் மாமியார் முதல் வருஷமே கேட்டார்: "மாப்பிள்ளை, அந்த மேகத்துக்குள்ள அப்படி எவ்வளவு தண்ணிதான் இருக்கு?" கன மீட்டருக்கு அரை கிராம் என்றேன். புரியவில்லை. எங்கள் முன்னறை நான்கு மீட்டர் நீளம், நான்கு அகலம், மூன்று உயரம். அது முழுக்க மேகத்தை அடைத்துப் பிழிந்தால் 24 கிராம் தண்ணீர் தேறும், காபி டம்ளரில் கால் பங்குகூட வராது என்றேன். நம்ப மாட்டேன் என்றார். சேந்த் ரோஸ் பக்கத்து மழையைப் பார்த்தவர் எப்படி நம்புவார்? 2007-ல் கமேத் புயலின்போது இந்தத் தீவின் கோமர்சோன் எரிமலை வாயருகே மூன்றே நாளில் 3929 மில்லிமீட்டர் பெய்தது. அவ்வளவும் இப்படிச் சிட்டிகை சிட்டிகையாகக் காற்றில் வந்து, மலையில் ஏறி, சேர்ந்து விழுந்ததுதான்.

முதலில் கம்பி. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதே தத்துவம். 1978-ல் ஆஸ்திரேலியாவில் வாரன் கிங்கும் உடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட முறை இது. கம்பியின் சூடு இறங்காமல் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மேகத்துளி பட்டு ஆவியாகும்போது சூடு இறங்கப் பார்க்கும், கருவி கூடுதல் மின்சாரம் கொடுத்துச் சரிக்கட்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2500 ஜூல் வேண்டும். கூடுதலாகச் செலவான மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைக் கணக்கிட்டுவிடலாம். வெறும் காற்றே கம்பியைக் குளிரவைக்கும் என்பதால் அதைக் கழித்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு மேகத்துக்கும் முன்னும் பின்னும் தெளிந்த காற்றில் சில வினாடி நேராகப் பறக்கச் சொல்வேன். விமானிக்கு இது பிடிக்காது, ஆனாலும் விடமாட்டேன். ஒன்பது வருஷத்தில் கம்பி இரண்டு தடவை அறுந்தது. அறுந்தால் அந்த நொடியே திரையில் தெரியும். அந்த நேர்மைக்காகவே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். குறையும் உண்டு. 50 மைக்ரானைத் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய தூறல் துளிகள் முழுதும் ஆவியாகும் முன்பே சிதறிப் பறந்துவிடும், தண்ணீர் குறைவாகக் காட்டும்.

லேசர் புரோப் இரண்டு மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரைக்கும் ஒவ்வொரு துளியாக எண்ணும், ஒளி சிதறுவதை வைத்துப் பருமன் சொல்லும். கம்பியால் இது முடியாது. மழை வருமா வராதா என்பது துளியின் பருமனில் இருக்கிறது. பத்து மைக்ரான் ஆரமுள்ள துளிகள் பத்து லட்சம் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரே ஒரு மழைச்சொட்டு. ஆனால் புரோப் பார்க்கும் வாசல் எவ்வளவு சிறியது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. குறுக்குவெட்டு ஏறக்குறைய 0.3 சதுர மில்லிமீட்டர். வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு வினாடியில் அதன் வழியே போவது 30 கன சென்டிமீட்டர் காற்று. ஒரு கிலோமீட்டர் அகல மேகத்தைப் பத்து வினாடியில் கடந்துவிடுவோம், நான் எண்ணியது இரண்டு டம்ளர் மேகம். நான்கு மணி நேரம் பறந்தாலும் மேகத்துக்குள் இருந்த நேரம் சில நிமிஷமே. அந்தச் சில நிமிஷத்தில் கருவி பொய் சொன்னால் அன்றைய பறப்பே வீண்.

ஆறாவது வருஷம் ஆகஸ்டில் அது பொய் சொன்னது. காற்று பலமாக அடிக்கும் காலம், கடல் முழுக்க வெள்ளை நுரை. மேகத்துக்கு அடியிலிருக்கும் காற்றை அளக்க 150 மீட்டர் உயரத்தில் இருபது நிமிஷம் பறந்துவிட்டு மேலே ஏறினோம். எண்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. மூன்றாவது பறப்புக்குப் பிறகு ஒரு ராத்திரி, துளிகளைக் கூட்டி வந்த தண்ணீர்க் கணக்கைக் கம்பியின் கணக்கோடு ஒப்பிட்டேன். எப்போதும் ஒன்றுக்கு ஒன்று நிற்பது 0.7-க்கு இறங்கியிருந்தது. விடிந்ததும் ஹேங்கருக்கு ஓடினேன். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால், லேசர் வெளிவரும் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம், ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளை. உப்பு. ஒளி மங்கியதால் ஒவ்வொரு துளியும் கொஞ்சம் சிறிதாகத் தெரிந்திருக்கிறது. விட்டம் பத்து சதவீதம் குறைந்தால் தண்ணீர் 27 சதவீதம் குறையும், மும்மடிப் பெருக்கல் இல்லையா. கம்பியும் கூடவே பறந்திராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அந்த மூன்று பறப்புகளின் துளிப் பருமனையும் சந்தேகக் குறியிட்டுத்தான் கொடுத்தேன். இன்றும் மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து தரையிறங்கியதும் முதல் வேலை, வாலைவடித்த நீரில் நனைத்த பஞ்சால் கண்ணாடி இரண்டையும் துடைப்பது, பிறகு ஆல்கஹால். ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும், தேய்த்தால் உப்புத்தூள் கீறிவிடும். வாரம் ஒருமுறை அளவு தெரிந்த கண்ணாடி மணிகளை ஒளிக்கற்றையில் ஊதிச் சோதிக்கிறேன். கண்ணாடி தண்ணீரைவிட அதிகம் ஒளியை வளைக்கும், திருத்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டர் பித்தளை ஊசிகளில் பச்சை பூத்தால் சுரண்டிப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

இந்த எண்களுக்கு ஏன் இவ்வளவு பாடு? தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன், பால் க்ருட்சன் என்ற இரு வளிமண்டல விஞ்ஞானிகள் 1999-ல் முன்னின்று நடத்திய இந்துமாக்கடல் ஆய்வில், வடக்கே தெற்காசியாவிலிருந்து வந்த புகை மண்டலமும் தெற்கே சுத்தக் காற்றும் பக்கத்துப் பக்கத்தில் அளக்கப்பட்டன. புகை சேர்ந்தால் துளி அதிகமாகும், சிறிதாகும். எங்கள் பக்கம் சுத்தமான நாளில் கன சென்டிமீட்டருக்கு நூறு துளிகூடத் தேறாது. அழுக்குப் படிந்த கருவியும் துளியைச் சிறிதாகத்தான் காட்டும். இரண்டையும் பிரித்தறியாவிட்டால் சுத்தமான கடலைப் புகைபடிந்த கடல் என்று எழுதிவிடுவோம்.

ஆகவே, ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் இரண்டும் வாங்கும் வரை பொறுங்கள். அதுவும் முடியாதென்றால் கம்பி வாங்குங்கள், தண்ணீர் அளவாவது நம்பகமாகக் கிடைக்கும். என் கம்பி இப்போது மூன்றாவது. புரோபின் ஒரு பக்கக் கண்ணாடியில் மெல்லிய கீறல் விழுந்திருக்கிறது, அடுத்த பறப்புக்கு முன் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.