லோடு இழுக்கும் டிரக்: டார்க் கன்வெர்ட்டர் 12 அங்குலமா, 10 அங்குலமா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள டிரக்கில் டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) மாற்ற வேண்டி வந்தால், கம்பெனி போட்ட 12 அங்குல விட்டமே போதுமா, பிக்கப்புக்காக 10 அங்குலத்துக்கு இறங்கலாமா என்ற யோசனை எல்லோருக்கும் வரும். டிரெய்லர் இழுக்கும் வண்டி என்றால் என் தேர்வு 12 அங்குலம்தான்.

பிரேக்கை அழுத்தி வண்டியை நகரவிடாமல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் போய் நிற்கிறதோ, அதுதான் ஸ்டால் வேகம். விட்டம் குறைந்தால் இது ஏறும், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. கன்வெர்ட்டர் தாங்கும் டார்க் (முறுக்கு விசை) விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் கூடுகிறது. 12 அங்குலம் 1,600-ல் ஸ்டால் ஆனால், அதே வடிவமைப்பில் 10 அங்குலம் ஏறக்குறைய 2,500-ல் நிற்கும். உள்ளே இருக்கும் பிளேடு கோணம், ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் இரண்டையும் மாற்றி இதை முன்பின் நகர்த்துவார்கள் என்பதால், அங்குலத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். உங்கள் இன்ஜினில் எத்தனை ஆர்பிஎம் என்று கேளுங்கள். டார்க் 40 சதவீதம் கூடுதலான இன்ஜினில் மாட்டினால், 2,000 என்று விற்கிற கன்வெர்ட்டரே 2,350-ஐத் தாண்டும்.

10 அங்குலத்துக்கும் இடம் உண்டு. எடை குறைவு, இன்ஜின் சட்டென்று மேலேறும். பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு, கீழ் ஆர்பிஎம்மில் மந்தமாகிவிட்ட பெட்ரோல் இன்ஜினுக்கு இதுதான் சரி. 12-ஐ மாட்டினால் டிரைவில் போட்டதும் ஐடிலிங் விழுந்து ஆஃப் ஆகும். லோடே ஏற்றாத வண்டிக்குத் தயங்காமல் போடலாம்.

லோடு இழுப்பதாக இருந்தால் பார்க்க வேண்டியது சூடு ஒன்றைத்தான். இன்ஜினோடு சுற்றும் இம்பெல்லருக்கும் கியர்பாக்ஸைச் சுற்றும் டர்பைனுக்கும் இடையில் ஸ்லிப் ஆகி வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலைச் சூடாக்கத்தான் போகிறது. 2,000 ஆர்பிஎம்மில் 300 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 63 கிலோவாட். கன்வெர்ட்டரின் திறன் அப்போது 80 சதவீதம் என்று வைத்தால், 12 கிலோவாட்டுக்கு மேல் ஆயிலுக்குள் இறங்குகிறது. குளியலறை வாட்டர் ஹீட்டர் ஆறை ஒன்றாகப் போட்டதற்குச் சமம். ஹைவேயில் இன்ஜின் 1,900-ல் ஓடும்போது, 2,500 ஸ்டால் உள்ள கன்வெர்ட்டர் லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஸ்லிப் இல்லாமல் நேரடியாக இணைக்கும் கிளட்ச்) பிடித்திருக்கும் வரை அடங்கியிருக்கும். மேடு வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் லாக்-அப் விடும், ஆர்பிஎம் எகிறும், 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்க வேண்டிய ஆயில் மேடு முடிவதற்குள் 120-ஐத் தாண்டிவிடலாம். அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து ஓடினால் ரப்பர் சீல்கள் கெட்டியாகும், பிரஷர் கசியும், கியர்பாக்ஸ் கிளட்ச் பிளேட்டுகளும் ஸ்லிப் ஆகும், அதனால் இன்னும் சூடேறும். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள்: சிவப்பு போய்ப் பழுப்பாகி, கருகல் வாடை அடித்தால் விஷயம் முற்றிவிட்டது.

பெரிய ஆயில் கூலர் போட்டால் போதாதா என்பார்கள். கூலர் சூட்டை வெளியேற்றும், ஸ்லிப்பில் போன சக்தியையும் எரிபொருளையும் திருப்பித் தராது. கூலர் 12 அங்குலத்துக்கும் தேவைதான். டெம்பரேச்சர் சென்சரை கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் லைனில் வையுங்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பேனில் வைத்தால் கலந்து ஆறிய ஆயிலைத்தான் காட்டும். இன்னொன்று, 12 அங்குலத்துக்குள் லாக்-அப் கிளட்சுக்கு அகலமான பரப்பு கிடைக்கிறது. 10-ல் அதே டார்க்கைப் பிடிக்கப் பல பிளேட் கிளட்ச் தேவைப்படலாம்.

டர்போ டீசலுக்கு 10 அங்குலப் பேச்சே வேண்டாம். டர்போவைப் பெரிதாக்கியிருந்தால், 12-லேயே ஸ்டேட்டரை மாற்றி 200, 300 ஆர்பிஎம் ஏற்றினால் பெரும்பாலும் போதும். சரியான அளவு டர்போவைப் பொறுத்தது. டயரைப் பெரிதாக்கியதால் இழுவை குறைந்திருந்தால், ஆக்சில் விகிதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஸ்டாலை ஏற்றி அதை ஈடுகட்டப் பார்ப்பது தப்பு.

எதை வாங்கினாலும் ஃப்ளெக்ஸ் பிளேட்டின் (கன்வெர்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் தகடு) போல்ட் வட்டம் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். கூலர் லைன்களை ஃப்ளஷ் செய்து, கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். டர்பைன் ஷாஃப்ட், ஸ்டேட்டர், ஆயில் பம்ப் என்று மூன்று இடத்திலும் உட்கார வேண்டும். கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டிய பிறகு கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கும். இல்லையென்றால் போல்ட்டை முறுக்காமல் கியர்பாக்ஸைத் திரும்பக் கழற்றுங்கள். முறுக்கினால் பம்ப் உடையும்.

கடைசியாக ஸ்டால் டெஸ்ட்: ஆயில் சூடான பிறகு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, 5 விநாடிக்கு மேல் போகாமல் செய்யுங்கள். பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள். எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவாக வந்தால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் பிடிக்கவில்லை, அல்லது இன்ஜினில் சக்தி குறைவு. ரொம்பக் கூடுதலாக வந்தால் கியர்பாக்ஸ் கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா என்று பாருங்கள்.