கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்: ஆர்டிஎக்ஸ் 4060, கோர்சேர் சிஎக்ஸ்550 மதிப்புரை

பழைய கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கையில் மிஞ்சும் பணத்தில், கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த வரிசை தவறு என்பது, ஒரே மாலையில் என் கணினி மூன்று முறை அணைந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

என்னுடைய கணினி 2020இல் வாங்கியது. கோர் ஐ5-10400எஃப் பிராசசர், எச்410 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஏற்கெனவே கையில் இருந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. அந்தக் கார்டு 75 வாட்டுக்குள் அடங்குவது; மதர்போர்டின் ஸ்லாட் தரும் மின்சாரமே அதற்குப் போதும் என்பதால் தனி கேபிள் தேவைப்படவில்லை. ஆகவே கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான தரம் பல ஆண்டுகள் வெளியே தெரியாமலேயே இருந்தது. நண்பர் ஒருவரின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்க்க முயன்றபோது, அதற்குத் தேவையான 8 பின் கேபிள் என் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தபோது, மோலக்ஸ் எனப்படும் பழைய நான்கு பின் முனையை 8 பின்னாக மாற்றித் தரும் சிறு இணைப்பு ஒன்றைக் கொடுத்து, இது போதும் என்றார்கள். முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் தொடங்கிய சில நிமிடங்களில் கணினி அணைந்தது. மீண்டும் இயக்கினேன், மீண்டும் அணைந்தது.

மூன்றாம் முறைக்குப் பிறகு கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கீழே இருந்த சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு எதிரே 18 ஆம்பியர் என்று மட்டும் இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். இன்றைய கணினிகளில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். ஐ5-10400எஃப் 65 வாட் பிராசசர் என்று சொல்லப்பட்டாலும், குறுகிய நேரத்துக்கு 134 வாட் வரை போக இன்டெல்லின் வரையறை இடம் தருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால் 304 வாட். அப்படியிருக்க 216 வாட் மட்டுமே தரக்கூடிய எஸ்எம்பிஎஸ் அணைந்ததில் வியப்பில்லை. எரியாமல் அணைந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

எனவே எஸ்எம்பிஎஸ் வாங்கப் போகும் யாரும் பெட்டியின் மேலிருக்கும் வாட் எண்ணை நம்பாமல், அந்த 12 வோல்ட் வரியைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய முழு அளவையும் 12 வோல்ட்டிலேயே தந்துவிடும். மாற்று இணைப்புகளைப் பொறுத்தவரை, 8 பின் முனை 150 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கு மின்சாரம் தரும் சாட்டா முனையின் 12 வோல்ட் பின்கள் தாங்குவதோ 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். அதிலிருந்து 8 பின்னுக்கு மாற்றித் தரும் கேபிளை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நான் தேர்ந்தெடுத்தது கோர்சேர் சிஎக்ஸ்550. மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதைக் குறிக்கும் 80 பிளஸ் சான்றில் பிரான்ஸ் நிலை பெற்றது, ஐந்தாண்டு வாரண்டி உள்ளது. கோல்டு சான்றுள்ளதை வாங்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். 115 வோல்ட்டில் சோதிக்கும் அடிப்படை வரையறையின்படி, பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 விழுக்காடும் கோல்டு 90 விழுக்காடும் திறன் காட்ட வேண்டும். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் மட்டுமே உழைக்கும் என் கணினியில் அந்த ஐந்து விழுக்காடு மின்கட்டணத்தில் திரும்பி வர நெடுங்காலம் ஆகும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: அந்தச் சான்று திறனை அளக்கிறதே தவிர, பாதுகாப்பையோ உள்ளிருக்கும் கெபாசிட்டர்களின் தரத்தையோ அளப்பதில்லை. இந்த மாடலில் கேபிள்கள் கழற்ற முடியாதவை என்பதால், வேண்டாதவற்றையும் சிறிய கேபினெட்டுக்குள் மடித்து வைக்க வேண்டியிருக்கிறது. என் கேபினெட்டில் அதற்கு அரைமணி நேரம் பிடித்தது.

இனி கார்டு. சென்னைக்குரிய ஒரு கணக்கு இதில் எனக்கு உதவியது. அது யுபிஎஸ் கணக்கு. என் வீட்டில் இருப்பது 600 விஏ யுபிஎஸ், 360 வாட் வரை தாங்குவது. விளையாட்டின்போது பிராசசருக்குச் சுமார் 70 வாட், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்குச் சேர்த்து 50 வாட் என்று வைத்துக்கொண்டேன். ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் மொத்தம் 290 வாட். 85 விழுக்காடு திறனில் யுபிஎஸ்ஸிடமிருந்து 341 வாட், மானிட்டரின் 25 வாட்டையும் சேர்த்தால் 366. வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 4060இன் வரம்பு 115 வாட். அதே கணக்கில் ஏறத்தாழ 301 வாட்டோடு நின்றுவிடுகிறது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 7600 கார்டு 165 வாட், இன்டெல் ஆர்க் பி580 கார்டு 190 வாட் என்பதால் அவையும் என் யுபிஎஸ்ஸுக்குப் பொருந்தவில்லை. பி580இன் 12 ஜிபி நினைவகம் ஆசை காட்டியது உண்மைதான். ஆனால் பழைய பிராசசர்களுடன் இணையும்போது அதன் டிரைவர் மென்பொருள் கூடுதல் சுமை தருவது சோதனைகளில் தெளிவாகவே தெரிந்திருக்கிறது.

மின்சாரம் நின்று யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் இடைவெளி வழக்கமாகப் பத்து மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். அந்த இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு எஸ்எம்பிஎஸ் தன்னுள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்க வேண்டும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் யுபிஎஸ் இருந்தும் சில நேரம் கணினி ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ்தான் பழுது என்று எண்ணிப் பேட்டரியைக்கூட மாற்றினேன். புது எஸ்எம்பிஎஸ் வந்த பிறகு இதுவரை ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை.

2023 ஜூனில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4060, 1080பி திரையில் ஆர்டிஎக்ஸ் 3060ஐவிடச் சராசரியாக இருபது விழுக்காடு அளவுக்கு வேகமானது. என்னுடைய முதன்மை வேலை பாடங்களைத் திரைப்பதிவு செய்து எடிட் செய்வது. அதற்கு, காணொளியைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் ஏவி1 முறையில் பதிவு செய்யும் இந்தக் கார்டின் என்கோடர் பெரிய வரம். 3060 ஏவி1 காணொளியை ஓட்டுமே தவிர, உருவாக்காது. நான் வாங்கிய இரட்டை விசிறி மாடலுக்கு ஒரே ஒரு 8 பின் கேபிள் போதுமானதாக இருக்கிறது. மே மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில், 3060ஐவிட 55 வாட் வெப்பம் குறைவாக வெளியேறுகிறது என்பதை உடலே உணர்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 8 ஜிபி நினைவகம், 128 பிட் பாதை; நினைவக வேகம் நொடிக்கு 272 ஜிபி. 3060இல் அது 12 ஜிபி, 192 பிட், 360 ஜிபி. அதைவிட என்னைப் போன்றவர்களுக்கு முக்கியமானது, 4060 கார்டு எட்டு பிசிஐஇ லேன்களை, அதாவது கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் தரவுப் பாதைகளில் எட்டை, மட்டுமே பயன்படுத்துகிறது என்பது. பிசிஐஇ நான்காம் தலைமுறை மதர்போர்டில் அது பெரிதாகத் தெரியாது. என்னுடையது மூன்றாம் தலைமுறை. அதில் ஒவ்வொரு லேனின் வேகமும் பாதிதான் என்பதால், தரவு போகும் வேகம் பாதியாகிவிடுகிறது. நினைவகம் நிரம்பாதவரை இழப்பு சிறிதுதான். விளையாட்டில் பரப்புகளின் நுணுக்கத்தைக் காட்டும் டெக்ஸ்சர் அளவை மிக உயர்வாக வைத்து 8 ஜிபியைத் தாண்டவிட்டால், படம் தடுமாறுவது கண்ணுக்கே தெரிகிறது. ஒரு படி குறைத்து வைத்தால் சரியாகிவிடுகிறது. பின்னர் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 கார்டும் 8 ஜிபி, எட்டு லேன்தான். வரம்பும் 145 வாட்டாக உயர்ந்திருக்கிறது.

ஒரு கடையில் பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம் என்றார்கள். மறுத்துவிட்டு, சீரியல் எண் எழுதிய பில்லோடு வேறு கடையில் வாங்கினேன். கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் வாரண்டி கேட்டுப் போகும் நாளில் அந்தத் தாள்தான் பேசும்.

1440பி திரை வைத்திருப்பவர்களும், பிளெண்டரில் கனமான காட்சிகளை ரெண்டர் செய்பவர்களும், மூன்றாம் தலைமுறை மதர்போர்டு உள்ளவர்களாக இருந்தால், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிடைக்கும்போது அதையே பார்க்கலாம். அது பதினாறு லேன்களையும் பயன்படுத்தும். அப்போதும் எஸ்எம்பிஎஸ் 550 வாட்டே போதும். ஆனால் யுபிஎஸ் 1000 விஏ அளவுக்கு மாற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கார்டின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.