ஐஸ்லாந்து தென்கரை: நாமே காரோட்டி அரோரா பார்க்கும் 4 இரவு பேக்கேஜ் எப்படி?

ஐஸ்லாந்தில் நாமே காரோட்டிப் போய், இரவு வானில் ஆடும் வடதுருவ ஒளியான அரோராவைப் பார்க்கலாம் என்று விற்கப்படும் குளிர்காலப் பேக்கேஜ்களுக்குப் பெயர்தான் வேறு வேறு, சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். 4 இரவு தங்கல், காலை உணவு, குளிர்கால டயர் போட்ட சின்ன கார், வழி சொல்ல ஒரு ஆப். கெப்லவிக் விமான நிலையத்தில் சாவியை வாங்கி, 1ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், யோக்குல்சார்லோன் ஏரியில் மிதக்கும் பனிக்கட்டிகளைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். காரிலும் ஓட்டல்களிலும் பெரிய குறை கிடையாது. கோளாறு பயணத் திட்டத்தில்தான் இருக்கிறது.

ரெய்க்யாவிக்கிலிருந்து யோக்குல்சார்லோன் ஒரு வழிக்கு ஏறக்குறைய 375 கி.மீ. கோடையில் 5 மணி நேரம். பனிக்காலத்தில் 7 மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சமே 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இந்த நிலையில் ஒவ்வொரு இரவும் ஒரு புது ஓட்டல் என்று போட்டால், இருட்டில் வழுக்கும் சாலையில் ஓட்டிக் களைத்து, வானம் திறக்கும் நேரத்தில் தூங்கிப் போவீர்கள். புக் செய்யும்போதே, வழியில் உள்ள சிற்றூர்களான ஹெல்லா பக்கம் 2 இரவு, கிர்க்யுபையார்க்லோஸ்தூர் பக்கம் 2 இரவு என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டாவது ஊரிலிருந்து ஏரி சுமார் 120 கி.மீ. தான், பகல் நீண்ட பிப்ரவரி கடைசி, மார்ச் நாட்களில் வெளிச்சத்திலேயே போய்த் திரும்பிவிடலாம். கிராமப்புற ஓட்டல்கள் பலவற்றில், அரோரா தெரிந்தால் அறைக்கு போன் செய்து எழுப்புவார்கள். இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

மாதம் எது என்றால், பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை என்பதே என் பரிந்துரை. மார்ச் நடுவில் பகல் 12 மணி நேரத்தை நெருங்கும், இரவும் தேவையான அளவுக்கு இருட்டாக இருக்கும். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி சூரியக் காற்றின் காந்தப்புலமும் பூமியின் காந்தப்புலமும் எளிதில் இணைவதால், அரோரா கூடுதலாக வருவதும் உண்டு.

பேக்கேஜுடன் தரும் ஆப்கள் கேபி எண்ணை, அதாவது பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் அளவை, பெரிதாகக் காட்டும். அதை நம்பி ஏமாறாதீர்கள். துருவத்தைச் சுற்றி அரோரா அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு அடியிலேயே ஐஸ்லாந்து இருப்பதால் கேபி 2 இருந்தாலே போதும். தடுப்பது மேகம். ஐஸ்லாந்து வானிலை மையத்தின் இணையதளத்தில் அரோரா பக்கத்தைத் திறந்தால் மேக வரைபடம் இருக்கும். அதில் வெள்ளை என்றால் தெளிந்த வானம், பச்சை என்றால் மேகம். இதைத் தலைகீழாகப் படித்து, வெள்ளையை மேகம் என்று நினைத்து எதிர்த்திசையில் ஓட்டுவது எளிதில் நடக்கும் தவறு. இன்னொரு குறிப்பு: வடக்குக் காற்று அடித்தால் தென்கரை தெளியும், ஏனென்றால் மேகம் தன் ஈரத்தை மலைகளுக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வரும். தெற்குக் காற்று என்றால் கரை முழுக்க மூடிக்கொள்ளும். சொந்தமாகக் கார் இருப்பதன் பலன் இங்கேதான், 30 கி.மீ. நகர்ந்து இடைவெளியைப் பிடிக்கலாம். அதற்கு மேல் இரவில் துரத்துவது வேண்டாம்.

காரைப் பொறுத்தவரை, பனியில் வழுக்காமல் பிடிக்க டயரில் பதிக்கும் உலோக ஆணிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஆணி டயருக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரை அனுமதி உண்டு. தென்கரையில் குளிர் பெரும்பாலும் 0 டிகிரியைச் சுற்றியே ஊசலாடும். பனி உருகி, மறுபடி உறைந்து, அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். மைனஸ் 15 டிகிரியில் இறுகிக் கிடக்கும் பனியைவிட இது மோசமாக வழுக்கும். நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், பிரேக் பிடிக்க உதவாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ஆணி டயருக்குக் கொடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். கறுப்பு மணல்வெளிகளைக் கடக்கும்போது புயல்காற்று மணலை வாரி அடித்தால் பெயின்ட் உரிந்துவிடும், கண்ணாடி மங்கிவிடும். மணல், சாம்பல் சேதத்துக்கான காப்பீடு அடிப்படைத் தொகையில் இருக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு திரும்பினால் அது பெரும்பாலான பாலிசிகளில் சேராது, செலவு உங்கள் தலையில். அதனால் வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஒரு கையால் கைப்பிடி, மறு கையால் கதவின் விளிம்பு என்று பிடித்துக்கொண்டு ஒரு சாண் மட்டும் திறந்து பாருங்கள். காற்று இழுத்தால் மூடிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். காற்றின் வேகத்தை அங்கே நொடிக்கு மீட்டர் கணக்கில் சொல்வார்கள். 15 என்றால் மணிக்கு 54 கி.மீ., எச்சரிக்கையாக ஓட்டலாம். 20 தாண்டினால் ஓட்டலிலேயே இருங்கள். காலையில் கிளம்புமுன் சாலைத்துறையின் வரைபடத்தைப் பாருங்கள், அல்லது 1777க்கு போன் செய்யுங்கள். ரெய்க்யாவிக்கை விட்டதும் வரும் ஹெல்லிஸ்ஹெய்தி மேட்டுச்சாலையைப் புயலில் மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் ஓட்டல் தேதியைக் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்களா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ லண்டனிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பிடிபட்டுவிடும். தடுமாற வைப்பது இரட்டைத் தட ரவுண்டானா. அங்கே வெளியேறும்போது உள்தடத்தில் வருபவருக்கே முன்னுரிமை, வெளித்தடத்தில் இருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஒற்றை வழிப் பாலத்தில் முதலில் நெருங்கிய வண்டி முதலில் போகும். ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் உச்ச வேகம் 90, ஆனால் பனியில் அது உங்களுக்கான வேகம் அல்ல. ஆளில்லா பெட்ரோல் பங்க்குகளில் பின் எண் உள்ள கார்டு வேண்டும். டேங்க் பாதியானதும் நிரப்பிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு, வழியில் வரும் செல்ஃபோஸ் ஊரிலேயே போனஸ் சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டி, ஸ்கிர் தயிர், பழம் வாங்கி வைத்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணல் கடற்கரையில் எச்சரிக்கை விளக்கை மதியுங்கள், அலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

அரோராவுக்காக நிற்கும்போது சாலையோரத்தில் ஒதுங்காமல், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் விளக்குகளை முழுக்க அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். முதலில் வருவது பச்சைத் திரை அல்ல, வடக்கே தாழ்வாக ஒரு சாம்பல் நிறப் பட்டை. மேகம் என்று நினைத்துக் கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். போனை காரின் மேல் அசையாமல் வைத்து, இரவுப் பயன்முறையில் 3 நொடி படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் அந்தப் பட்டை பச்சையாக இருந்தால் அது அரோராதான். கையுறையை மாட்டிக்கொண்டு அங்கேயே நில்லுங்கள்.