தலைப்பிரசவத்துக்கு 'பேக்கேஜ்' வாங்குகிறீர்களா? 38,500 ரூபாயைப் பறிகொடுத்தவன் எழுதுகிறேன்

பெயரைப் போடப் போவதில்லை. புகார் கொடுத்தாயிற்று, கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இரு என்கிறார் வக்கீல் நண்பர். அதனால் இவ்வளவு மட்டும்: வலி எடுத்ததிலிருந்து குழந்தையோடு வீடு திரும்பும் வரை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மகப்பேறு பேக்கேஜ் விற்கிற ஒரு ஆப். விளம்பரத்தில் கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அதற்கு நான் கட்டியது 38,500 ரூபாய். கிடைத்தது ஒரு பி.டி.எஃப்.

தங்கைக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், செலவும் தாய் வீட்டைச் சேர்ந்ததுதான். அப்பா இல்லை, ஆகவே என் தலையில். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாம்பரத்திலிருந்து அவளை பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அழைத்து வந்தோம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் அம்மா, அவள், நான். கார் கிடையாது, ஒரு பைக். தஞ்சாவூர் போய்ச் சேர நல்ல நாளிலேயே முக்கால் மணி நேரம் ஆகும், இது ஐப்பசி மழை. நடுராத்திரியில் வலி எடுத்தால் என்ன செய்வது என்கிற பயம் எந்த வீட்டில்தான் இல்லை? அந்த பயம்தான் இவர்களுக்கு மூலதனம்.

எப்படி நம்பினோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்களையும் இப்படித்தான் பிடிப்பார்கள். ஆப்பில் நம்பரைக் கொடுத்த அரைமணி நேரத்தில் வீடியோ காலில் ஒரு பெண் வந்தாள். என்னிடம் விலை பேசவில்லை. "அம்மா இருக்காங்களாண்ணா, அவங்ககிட்ட குடுங்க" என்றாள். அம்மாவிடம், "திருக்கருகாவூர் எண்ணெய் வாங்கிட்டு வந்துட்டீங்களாம்மா? ராத்திரி வயித்துல லேசா தடவி விடுங்க" என்றாள். சுகப்பிரசவத்துக்காக எங்கள் பக்கத்துக் கோயிலில் வாங்கி வருகிற எண்ணெய் அது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சூட்டு வலிக்கு சீரகத் தண்ணீர் கொடுப்பது, தூளிக்குப் பழைய நூல் புடவை எடுத்து வைப்பது, குழந்தையை ஏந்த நாலைந்து தடவை துவைத்த வேட்டி கொண்டுபோவது என்று வரிசையாகப் பேசினாள். போனை வைத்ததும் அம்மா சொன்னது: "நம்ம பக்கத்துப் பொண்ணுடா, காசைக் கட்டிடு." குறுவை நெல் போட்ட பணம் அப்போதுதான் வங்கிக்கு வந்திருந்தது. அதிலிருந்து 38,500 ரூபாய் ஒரே தட்டில் போனது.

அந்தப் பணத்துக்கு அவர்கள் சொன்னது இவ்வளவு. எந்த நேரம் கூப்பிட்டாலும் 20 நிமிடத்தில் வாசலில் ஆம்புலன்ஸ். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏசி தனி அறை, எங்கள் பெயரில் பிடித்து வைக்கப்படும். சுகப்பிரசவம் என்றால் மேற்கொண்டு ஒரு பைசா வேண்டாம், சிசேரியன் என்றால் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். கூடவே இருந்து கவனிக்க ஒரு சிஸ்டர். "ராத்திரி எத்தனை மணியானாலும் ஒரு மிஸ்டு கால் குடுங்கண்ணா, மீதிய நாங்க பாத்துக்கிறோம்." இந்த வாக்கியம் என் போனில் பதிவாகி இருக்கிறது. தினம் ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பல்லைக் கடிக்கிறேன்.

37-ஆம் வாரத்தில் அந்த மருத்துவமனை டாக்டரை நேரில் பார்க்க வேண்டும் என்று பேக்கேஜில் இருந்தது. டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று தள்ளினார்கள், அப்புறம் வீடியோவில் வேறு ஒருவர் வந்து ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்றார்.

வலி வந்தது ஒரு மழை ராத்திரி. முதலில் இடுப்பு கடுக்கிறது என்றாள். அம்மா சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார். சூட்டு வலியாக இருந்தால் அதில் அடங்கிவிடும் என்பது கணக்கு. அடங்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தது, பிறகு ஏழு, பிறகு ஐந்து. ஒவ்வொரு தடவையும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ்டு கால் கொடுத்தேன். யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. நேராக அழைத்தால், "தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்". அழுத்தினேன். பாட்டு ஓடியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல், மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பையன் எடுத்து "வண்டி கிளம்பிடுச்சு சார்" என்றான். டிரைவர் நம்பர் கேட்டேன், அனுப்பினான். டிரைவரைப் பிடித்தால் அவர் திருச்சியில் தூக்கத்தில் இருக்கிறார். "எனக்கு எந்த டூட்டியும் போடலையே சார்."

அந்த நேரம் பார்த்துத்தான் பனிக்குடம் உடைந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். நான் 108-ஐ அழைத்தேன்.

2008-லிருந்து தமிழ்நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிற வண்டி, காசு கிடையாது. இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அது ஏழை பாழைக்கு, நாம்தான் பணம் கட்டியிருக்கிறோமே என்று நம்மை நினைக்க வைப்பதில்தான் இந்த வியாபாரமே இருக்கிறது. 108 மழையில் ஆடி அசைந்துதான் வந்தது, ஆனால் வந்தது. உள்ளே இருந்த மருத்துவ உதவியாளர் சின்னப் பையன். ஏறியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி என்ன நெறத்துல போச்சும்மா, வெள்ளையாவா, பச்சையாவா?" வெள்ளை என்றதும் அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பச்சையாகப் போனால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தமாம், உடனே பார்த்தாக வேண்டுமாம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னான், பி.பி. பார்த்தான், வலிக்கும் வலிக்கும் இடைவெளியைக் கைக்கடிகாரத்தில் எண்ணினான். அவ்வளவு பணம் வாங்கிக்கொண்ட என் ஆப் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அவன் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரியும், டெல்டாவில் பாதிப் பேர் பிறந்த இடம். நாங்கள்தான் தனியாருக்கே போகச் சொன்னோம், அறை பிடித்திருக்கிறதே, 38,500 கட்டியிருக்கிறதே.

அங்கே ரிசப்ஷனில் ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கம்ப்யூட்டரில் தேடினார். தங்கை பெயர் இல்லை. என் பெயர் இல்லை. பி.டி.எஃப்.பைக் காட்டினேன். அதில் அவர்கள் மருத்துவமனையின் படம், அறையின் படம், எங்கள் பெயர், முன்பதிவு எண் எல்லாம் இருக்கிறது. பார்த்துவிட்டு, "இவங்களோட எங்களுக்கு டை-அப் முடிஞ்சு போச்சு சார். இதோட வர்றவங்க நீங்க முதல் ஆளு இல்ல" என்றார். அறை இல்லை, வேண்டுமானால் புது அட்வான்ஸ் 50,000 கட்டினால் லேபர் வார்டில் சேர்த்துக்கொள்கிறோம், அறையைக் காலையில் பார்க்கலாம் என்றார். பின்னால் ஸ்ட்ரெச்சரில் என் தங்கை "அண்ணே... அண்ணே..." என்று முனகிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு கையில் பி.டி.எஃப்., மறு கையில் ஏ.டி.எம். கார்டு என்று நிற்கிறேன்.

108 பையன் போகவில்லை. நோயாளியை ஒப்படைத்ததற்கு மருத்துவமனையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், அதற்காக அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரிசப்ஷன்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பையன் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேனாவைச் சட்டையில் செருகினான். "ஏறுங்கண்ணே, நேரத்த வீணாக்காதீங்க."

ராஜா மிராசுதாரில் சேர்த்தோம். பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் கொடுக்கிற எண்) மகப்பேறு அட்டையையும் கேட்டார்கள், இரண்டும் பையில் இருந்தன. விடிகிற நேரம் பெண் குழந்தை, சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். பிரசவத்துக்குப் பணம் கட்டச் சொல்லி யாரும் சீட்டு நீட்டவில்லை. அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியனே ஆனாலும், மருந்து, ரத்தம், சாப்பாடு உட்பட இலவசம், போகவர வண்டியும் இலவசம் என்று மத்திய அரசே 2011-இல் திட்டம் போட்டுவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது 102 வண்டி. தகுதியுள்ள கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அரசு கொடுக்கிறது. நான் என்னடாவென்றால் ஒரு பி.டி.எஃப்.புக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கிறேன்.

இனிமேல்தான் கூத்து. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் பேசியவள், "அய்யய்யோ, அப்படியாண்ணா? பாப்பா எப்படி இருக்கு?" என்று உருகினாள். புகாருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், 48 மணி நேரம் என்றாள். 48 மணி நேரம் கழித்து அந்த டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மெயில் வந்தது. எது தீர்ந்தது? மறுபடி அழைத்தால் வேறொருவர்: "உங்க வண்டி வர்றதுக்கு முன்னாடியே நீங்க வேற வண்டியில போயிட்டீங்க, சிஸ்டத்துல கஸ்டமர் கேன்சல்னு காட்டுது." திருச்சியில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் வருவதற்கு முன்னாடியாம்! மருத்துவமனை டை-அப் முடிந்துவிட்டதே என்றால், "அது மருத்துவமனை தரப்புப் பிரச்சினை, நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்தான்." விற்கும்போது "நாங்க இருக்கோம்ணா", கேட்கும்போது பிளாட்ஃபார்ம்.

அடுத்து மேனேஜர் என்று ஒருவர். வீடியோ ஆலோசனைகளை நாங்கள் 'பயன்படுத்திவிட்டோமாம்'. அம்மாவிடம் சீரகத் தண்ணீர் பற்றிப் பேசியதுகூட அதில் ஒரு ஆலோசனையாகக் கணக்கில் ஏறியிருக்கிறது, 1,500 ரூபாய்! எங்கம்மாவுக்கு சீரகத் தண்ணீர் சொல்லிக் கொடுக்க 1,500 ரூபாய். 'நல்லெண்ண அடிப்படையில்' 3,000 ரூபாய் ஆப் வாலட்டில் போடுவார்களாம், அதில் குழந்தை எண்ணெயும் டயப்பரும் வாங்கிக்கொள்ளலாமாம். எனக்கு வேண்டியது 38,500 ரூபாய், டயப்பர் இல்லை என்றேன். மருத்துவ சேவைக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் கிடையாது, நுகர்வோர் சட்டத்தில் இது வராது என்றார் அந்த மகானுபாவர். காசு வாங்கிச் செய்கிற மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று வக்கீல் நண்பர் சொன்னார். அதை அப்படியே மேனேஜருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. அதன் பிறகு என் நம்பர் பிளாக். வீடியோவில் வந்த அந்தப் பெண்ணின் நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை. அம்மா இன்னும் "அந்தப் பொண்ணு பாவம்டா, அதுக்கு என்ன தெரியும்" என்கிறார். எனக்கு வருகிற கோபத்துக்கு அளவில்லை.

என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன் என நினைத்துத்தான் ஆரம்பித்தேன், கை வலிக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் இருக்கிற எவனிடமும் பிரசவத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். கட்டுவதானால் மருத்துவமனையில் நேரில் கட்டி அவர்கள் சீல் போட்ட ரசீதை வாங்குங்கள். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பித்து ஒரு மணி நேரம் அப்படியே நீடித்தால் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே 108. ஆப் வண்டிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் ஒரு பையில் எட்டாம் மாதமே இருக்கட்டும். பேசியதையெல்லாம் ரெக்கார்ட் செய்யுங்கள்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லாமல் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாலட்டில் பணம் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக்கொள்வார்கள்.

நான் 1915-இல் பதிந்துவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை நண்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். 38,500 ரூபாயோடு, அந்த ராத்திரிக்கான நஷ்டஈடும் கேட்கப் போகிறோம். இதே மாதிரி ஆப்பில் பணம் கட்டி ரிசப்ஷனில் நின்றவர்கள் யாராவது இருந்தால் ரசீதை வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.