தேர்தல் அறிக்கைக்குத் தராசு: மேனிஃபெஸ்டோ ப்ராஜெக்ட் தரவுத்தளம்

கல்லூரியில் ஒப்பீட்டு அரசியல் நடத்துகிறேன். பிரிட்டனின் தொழிற்கட்சி எப்போது வலப்பக்கம் சாய்ந்தது என்று ஒரு மாணவி கேட்டாள். சும்மா அளந்துவிட மனம் வரவில்லை. பெர்லினிலிருந்து நடத்தப்படும் மேனிஃபெஸ்டோ ப்ராஜெக்டைத் திறந்தேன். 1945-க்குப் பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வந்த தேர்தல் அறிக்கைகள் அதில் இருக்கின்றன. காசு கிடையாது, ஒரு கணக்குத் திறந்தால் போதும். எக்செலாகவே இறக்கிக்கொள்ளலாம்.

வேலை இப்படி நடக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் அறிக்கையைக் கருத்துக்கு ஒன்றாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகை எண் கொடுப்பார். "மருத்துவமனைகளுக்குக் கூடுதல் பணம், குற்றவாளிகளுக்குக் கடுந்தண்டனை" என்பது ஒரே வாக்கியம்தான், ஆனால் இரண்டு துண்டு. முதலாவது 504, சமூகநல விரிவாக்கம். அடுத்தது 605, சட்டம் ஒழுங்கு. அடிப்படை வகைகள் மொத்தம் 56. அவற்றில் வலது என்று குறித்த 13-இன் சதவீதத்திலிருந்து இடது 13-இன் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் 'ரைல்' (right-left என்பதன் சுருக்கம்) மதிப்பெண்.

தொழிற்கட்சியின் ரைல் மதிப்பெண்களைக் கோடாக வரைந்து பார்த்தேன். அணு ஆயுதத்தைக் கைவிடுவோம் என்ற 1983 அறிக்கை இடப்பக்கம் வெகு ஆழத்தில் கிடக்கிறது. வருமான வரி விகிதத்தை ஏற்ற மாட்டோம் என்ற 1997 அறிக்கை பூஜ்யத்தைத் தாண்டி வலப்பக்கம் நிற்கிறது. மாணவிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் ரைலை அப்படியே நம்பிவிட வேண்டாம். நூறு துண்டில் இடது 40, வலது 20 என்றால் மதிப்பெண் -20. அதே அறிக்கையில் சுற்றுச்சூழல் பற்றி இன்னும் நூறு துண்டு சேர்த்துப் பாருங்கள், -10 ஆகிவிடும். சுற்றுச்சூழல் இரண்டு பட்டியலிலும் இல்லை, வகுக்கும் எண் மட்டும் பெரிதாகிறது. கட்சி ஒரு கொள்கையையும் மாற்றவில்லை, நடுவுக்கு வந்தாயிற்று! இன்னொன்று: 'ஆளத் தகுதி எங்களுக்கே' என்ற வழக்கமான தம்பட்டம் 305-இல் விழும், அது வலது கணக்கு. இது எனக்குச் சரியாகவே படவில்லை.

நான் ரைலை ஓரமாக வைத்துவிட்டு 504, 401 (தடையற்ற சந்தை) போன்ற வகைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறேன். அதில்தான் சுவாரஸ்யம்.

குறியீடு போடுவது சுலபம் என்று நினைத்தால் ஒரு பக்கம் போட்டுப் பாருங்கள். நானும் சக ஆசிரியரும் 20 துண்டுகளைத் தனித்தனியே குறித்தோம். ஏழில் ஒத்துப்போகவில்லை. "பள்ளிகளில் ஒழுக்கம்" கல்வியா, ஒழுங்கா? தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.